கப்பல் ஒன்பது மணி நேரம் நிற்கிறது, மொனாக்கோவில் என்ன பார்க்கலாம்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 61. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் வரும் செப்டம்பரில் என்னையும் அவன் அப்பாவையும் பார்சிலோனாவில் கப்பல் ஏற்றி ஏழு நாள் சுற்றிக்காட்டப் போகிறான். அதில் ஒரு நாள் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மொனாக்கோ நாட்டின் மான்டே கார்லோவில் நிற்குமாம். மொனாக்கோ, பக்கத்து பிரான்ஸிலிருக்கும் நீஸ் நகரம், எஸ் மலைக்கிராமம் மூன்றையும் அன்றைக்கே பார்த்துவிடலாம் என்கிறான். எனக்கு முட்டிவலி. இவரோ, பணக்காரர்கள் ஊரில் நமக்கென்ன வேலை, நான் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, முதல் வேலையாக உங்கள் வீட்டுக்காரரைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுங்கள். பணக்காரர்கள் ஊர்தான், வீடு மாதிரி பெரிய படகுகள் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும், ஆனால் தெருவில் நடக்கவோ வேடிக்கை பார்க்கவோ யாரும் காசு கேட்பதில்லை, அதோடு எல்லைப் பக்கத்து மனிதர்களான நமக்கு அந்த ஊர் சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம். நானும் பாலக்காட்டுச் சித்தூரில் வளர்ந்தவள்தான். மொனாக்கோவின் மேட்டுப் பக்கம் ஒரு தெருவைக் குறுக்கே தாண்டினேன், எதிர்ப்பக்கம் பிரான்ஸ் நாட்டின் போசொலெய் ஊர், கேட்டும் இல்லை, போலீஸும் இல்லை. நம் கோபாலபுரம் எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டுவதைவிடச் சுலபம். பழைய ஊருக்குள் தெருப் பலகைகளில் பிரெஞ்சும், மொனெகாஸ்க் என்கிற அவர்களுடைய சொந்த மொழியும் சேர்ந்தே இருக்கும், நம் பக்கம் மலையாளமும் தமிழும் இருப்பது போல. தினமும் காலையில் பிரான்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வேலைக்கு வந்து சாயங்காலம் திரும்புகிற கூட்டம் அந்த ஊரில் குடியிருப்பவர்களைவிடப் பெரிது, அந்த ரயில் நிலையத்தில் நின்றபோது பாலக்காட்டிலிருந்து கோயமுத்தூர் போய்வருகிறவர்கள் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மகனிடம் சொல்லுங்கள், நீஸும் எஸும் வேண்டாம். நீஸுக்கு ரயிலில் அரை மணிக்கும் குறைவுதான், தூரம் பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. ஒன்பது மணி நேரம் என்பது காகிதத்தில். காலையில் அனுமதி கிடைத்து இறங்கவே நேரமாகும், சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும், மிஞ்சுவது ஏழு மணி நேரம். நாங்கள் போன கப்பல் துறையில் கட்டாமல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது, சின்னப் படகில் கரைக்கு வந்தோம், திரும்பும்போது அந்தப் படகுக்கு வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசை. கடைசிப் படகை விட்டுவிடுவோமோ என்று என் அம்மா பயந்த பயம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. சொந்தமாகச் சுற்றப் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது, விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேரணும். கடிகாரம் எந்த நேரத்தில் ஓடுகிறது, கப்பல் நேரமா ஊர் நேரமா என்பதையும் இறங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சில கப்பல்கள் மான்டே கார்லோ என்று எழுதிவிட்டு நிற்பது பக்கத்து வில்ஃபிரான்ஷில், அப்படி இருந்தால் மொனாக்கோவுக்கு ரயில் பிடிக்கணும், அதையும் டிக்கெட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டிவலிக்கு அந்த ஊரே மருந்து வைத்திருக்கிறது. மொத்த நாடே சுமார் 2 சதுர கிலோமீட்டர், வத்திக்கானுக்கு அடுத்து உலகத்திலேயே சின்ன நாடு, ஆனால் எல்லாம் மலைச்சரிவு, அதனால் தெருவுக்குத் தெரு பொது லிஃப்டும் நகரும் படிகளும் வைத்திருக்கிறார்கள், எல்லாம் இலவசம். கப்பல் துறையிலிருந்து கொஞ்சம் நடந்தால் மீனவர் பார்க்கிங் என்று ஒன்று வரும், அதற்குள் புகுந்து லிஃப்ட் பிடித்தால் பாறை மேலிருக்கிற பழைய ஊருக்குப் போய்விடலாம், கடலியல் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே வெளியே வருவீர்கள். 1910-ல் திறந்த அருங்காட்சியகம் அது, செங்குத்தான பாறை முகத்தோடு ஒட்டிக் கட்டியது, கீழே மீன் தொட்டிகள், சுறாக்கள். டிக்கெட் உண்டு, கொடுக்கலாம், ஒரு மணி நேரம் குளிர்ச்சியாக உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு அரண்மனை வாசலுக்கு 11.55-க்குக் காவலர் மாறுவதைப் பார்க்க வந்துவிடுங்கள், பத்து நிமிடம் முன்னால் போனால்தான் முன்னே நிற்க முடியும். 1297-ல் கிரிமால்டி குடும்பத்துக்காரர் ஒருவர் துறவி வேஷத்தில் வந்து கோட்டைக்குள் புகுந்தார் என்கிறார்கள், அந்தக் குடும்பம்தான் இன்றைக்கும் ஆள்கிறது. தேவாலயத்தில் கிரேஸ் கெல்லியின் சமாதி இருக்கிறது, ஹாலிவுட் நடிகையாக இருந்து 1956-ல் இளவரசரைக் கல்யாணம் பண்ணி வந்து 1982-ல் கார் விபத்தில் இறந்துபோனவர். என் அம்மா அங்கே வெகுநேரம் நின்றாள்.

மத்தியானம் கீழே இறங்கி கோந்தமின் சந்தையில் சாப்பிட்டுவிட்டு, துறைமுகத்தைக் குறுக்கே கடக்கிற சின்னப் படகில் மான்டே கார்லோ பக்கம் போய்விடுங்கள், சுற்றி நடக்க வேண்டாம். 1929-லிருந்து கார்ப் பந்தயம் நடப்பது அந்தத் தெருக்களில்தான், சிவப்பு வெள்ளை ஓரக்கற்களைப் பார்த்தாலே தெரியும், உங்கள் மகனை அங்கே விட்டால் போதும். செப்டம்பரில் போவதும் நல்லதுதான், பந்தய சமயத்தில் பாதி ஊர் வேலி போட்டு அடைத்திருக்கும்.

விசா விஷயம் ஒன்று. மொனாக்கோவுக்குத் தனி விசா கிடையாது, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவே போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்கணும், மகன் வீட்டில்தான் அதிக நாள் என்றால் ஜெர்மனியிடம். கப்பல் நடுவில் துனிசியா மாதிரி ஷெங்கனுக்கு வெளியே போகிறது என்றால் பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் கப்பல் ஏறும்போதே தடுத்துவிடுவார்கள்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் கப்பலில் போகிறோம். மான்டே கார்லோ கேசினோவுக்குள் நம்மை விடுவார்களா? கோட் சூட் வேணுமா? ஒரு கை பார்க்கலாம் என்று ஒருத்தன் துடிக்கிறான்.
- வாசகர், களியக்காவிளை

பதில்: தம்பி, 18 வயது முடிந்திருந்தால் விடுவார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கணும், கப்பல்காரர்கள் வாங்கி வைத்திருந்தால் முந்தின நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் கோட் தேவையில்லை, ஆனால் அரை டவுசர், ரப்பர் செருப்பு வேண்டாம். சட்டை இல்லாமலோ வெறுங்காலோடோ தெருவில் நடப்பதற்கே அந்த ஊரில் தடை இருக்கிறது. காலை நேரத்தில் போனால் ஆட்டம் இல்லாமல் மண்டபங்களைச் சுற்றிப் பார்க்கலாம், நான் சொல்வது அதைத்தான். பாரிஸ் ஓபராவைக் கட்டிய அதே சார்ல் கார்னியே சேர்த்துக் கட்டிய இசையரங்கும் இந்தக் கட்டடத்தில்தான், 1879-ல் திறந்தது.

அந்த நண்பனுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். அங்கே ரூலெட் சக்கரத்தில் பூஜ்யத்தோடு சேர்த்து 37 எண், ஒரு எண்ணில் ஜெயித்தால் கொடுப்பது 35 மடங்கு. அந்த இடைவெளியில்தான் ஊரே எழும்பியது. 1848-ல் மொனாக்கோவின் பகுதிகளாக இருந்த மந்தோனும் ரோக்கப்ரூனும் பிரிந்து போய், நிலத்தின் பெரும்பகுதியும் வரி வருமானமும் கைவிட்டுப் போன ராஜாதான் கேசினோவைக் கொண்டுவந்தார். 1863-ல் ஃபிரான்சுவா பிளான் என்கிற சூதாட்ட விடுதி முதலாளி அதைக் கையில் எடுத்தார், 1868-ல் ரயில் வந்தது, 1869-ல் குடிமக்களுக்கு வருமான வரியே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள், அவ்வளவு பணம். அதே சமயம் மொனாக்கோ குடிமக்கள் அந்த மேஜைகளில் ஆடக் கூடாது என்று தடையும் போட்டார்கள், தடை இன்றும் இருக்கிறது. சொந்த ஜனங்களை ஆட விடாத மேஜையில் களியக்காவிளைப் பையன் ஏன் காசு வைக்கணும்? அந்தக் காசுக்கு நாலு பேரும் வெளியே காபி குடியுங்கள், அதுவே அங்கே விலை ஜாஸ்தி.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. அந்த ஒரு நாள் என்ன சாப்பிடுவது?
- வாசகி, நகரி

பதில்: காலை டிபனைக் கப்பலில் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். நான் சொன்ன கோந்தமின் சந்தையில் சொக்கா என்று ஒன்று கேளுங்கள். கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், பெரிய வட்டத் தட்டில் அடுப்பில் வேகவைத்து, மேலே மிளகுப்பொடி தூவி, பிய்த்துத் தருவார்கள், நம் கடலைமாவு தோசையேதான், ஓரம் மட்டும் மொறுமொறு. பார்பஜுவான் அவர்கள் ஊர் விசேஷம், கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரித்த சோமாசி மாதிரி இருக்கும், ஆனால் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, கேட்காமல் வாங்காதீர்கள். பான் பான்யா என்ற ரொட்டியில் மீன் வைப்பார்கள், பார்க்கக் காய்கறி மாதிரிதான் தெரியும், அது வேண்டவே வேண்டாம். நகரியிலிருந்து பருப்புப்பொடி ஒரு சின்ன டப்பா கைப்பையில் இருக்கட்டும், சொக்காவுக்கு அவ்வளவு பொருத்தம்.