வேலை போனபின் நான் யார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐ.டி. வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. 'நான் தேவனுடைய பிள்ளை' என்று தினமும் காலையில் பத்து முறை சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். மத்தியானத்துக்குள் மனசு மறுபடி விழுந்துவிடுகிறது. விசுவாசக் குறைவா? – சென்னை வாசகர்

பதில்: குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை, சொல்லிக்கொடுத்த முறையில் இருக்கிறது. உங்களைப் பற்றி நீங்களே உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது மத்தியானம் வரை தாங்கியதே பெரிது.

இப்படிச் செய்து பாருங்கள். பைபிளில் பவுல் எழுதிய எபேசியர் நிருபம் 1:3–14, மொத்தம் 12 வசனம்தான். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, தேவன் செய்ததை இடப்பக்கமும் மனிதர் செய்ததை வலப்பக்கமும் எழுதுங்கள். இடப்பக்கம் நிரம்பிவிடும்: ஆசீர்வதித்தார், தெரிந்துகொண்டார், முன்குறித்தார், முத்திரை போட்டார். வலப்பக்கம் நம்பியது, கேட்டது, விசுவாசித்தது என்று மூன்று வார்த்தை தேறினால் அதிகம். அங்கே வரும் 'சுவிகாரபுத்திரர்' (தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள்) என்ற சொல்லில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். ரோமச் சட்டப்படி சுவிகாரம் எடுக்கப்பட்டவனுக்குப் புதிய தகப்பனின் பெயரும் சொத்துரிமையும் வந்துவிடும். அவன் என்ன சம்பாதித்தான் என்பது அங்கே கேள்வியே இல்லை.

ஒரு வாரம் இந்தப் பகுதியிலேயே இருங்கள். 4-ஆம் அதிகாரத்துக்குத் தாவ வேண்டாம். 'பாத்திரவான்களாய் நடந்து' (தகுதியுள்ளவர்களாய் நடந்து) என்ற புத்திமதி அங்கேதான் தொடங்குகிறது. முதல் மூன்று அதிகாரங்களில் வரும் ஒரே கட்டளை 'நினைத்துக்கொள்ளுங்கள்' (2:11, 12). பெரும்பாலோர் 4-இல் ஆரம்பித்து மூச்சு வாங்குகிறார்கள்.

இன்னொன்று. அந்த வசனங்கள் 'நம்மை', 'நீங்கள்' என்றே பேசுகின்றன. கண்ணாடி முன் ஒற்றை ஆளாக நின்று சொல்வதற்கு எழுதியவை அல்ல. சபையில் நம்பிக்கையான ஒருவரை வாரம் 15 நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். அவர் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற்றபோது இயேசுவும் 'நீர் என்னுடைய நேசகுமாரன்' என்று தேவன் சொன்னதைக் காதால் கேட்டார். அதுவும் ஓர் அற்புதம்கூடச் செய்யாத நேரத்தில்! அடுத்து வந்த சோதனைக்காரன் 'நீர் தேவனுடைய குமாரனேயானால்' என்றான். 'நேச' என்ற சொல்லை விட்டுவிட்டான், கவனித்தீர்களா?

வேலை இல்லாத நேரத்தில் பாடகர் குழு, வாலிபர் சங்கச் செயலாளர் என்று பொறுப்புகள் தேடி வரும். கொஞ்சம் பொறுங்கள். கம்பெனி அடையாள அட்டை இருந்த இடத்தில் சபைப் பதவி தொங்கும், அவ்வளவுதான். பிசாசுகள் கீழ்ப்படிகின்றன என்று பூரித்து வந்த எழுபது சீஷர்களிடமே, அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள் என்றார் ஆண்டவர் (லூக்கா 10:20).

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திராமல் 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. ஜெபத்துக்கு இது போட்டி இல்லை.

கேள்வி: அடுத்த மாதம் ஞானஸ்நானம். முருகேசன் என்ற பெயரை மாற்றினால்தான் கிறிஸ்தவனா? – கும்பகோணம் வாசகர்

பதில்: இல்லை. புதிய ஏற்பாட்டில் வரும் ஊழியர்களான அப்பொல்லோ, பெபேயாள் ஆகியோரின் பெயர்கள் இரண்டும் கிரேக்கத் தெய்வப் பெயர்களை ஒட்டியவை. இருவரும் அதே பெயரில்தான் ஊழியம் செய்தார்கள். தமஸ்குவில் சவுல் பவுலாக மாறினார் என்பதும் தப்பு. ஞானஸ்நானம் பெற்றது அப்போஸ்தலர் 9-இல். 13:9 வரை அவர் சவுல்தான். விரும்பினால் மாற்றலாம். ஆனால் ஞானஸ்நானச் சான்றிதழை வைத்து ஆதாரும் பாஸ்போர்ட்டும் தானாக மாறாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியாக வேண்டும்.

நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவருக்கு அந்தத் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பெயரை மாற்றாமல் விட்டாலும் இதில் மாற்றமில்லை. சட்டம் பார்ப்பது மதத்தை.