வாசகர் கேள்வி: முன்னால் ஓடியவருக்குக் கோப்பை இல்லையா?

இந்த இதழுக்குக் கார்ப் பந்தயம் பற்றி வந்த மூன்று கடிதங்களும் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தே வந்துள்ளன. ஒரே காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்களோ என்னவோ.

கேள்வி: 2025 நவம்பரில், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தை மருமகன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வெகுநேரம் முன்னால் ஓடியவர் டென்னி ஹாம்லின். முதலில் வந்தவர் வேறொருவர். மூன்றாவதாக வந்த கைல் லார்சனுக்குக் கோப்பை. இது என்ன நியாயம்? (ஓய்வு பெற்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்)

பதில்: ஐயா, தாங்கள் பார்த்தது அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம்; அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் நடந்தது. அன்று ஒரே ஓடுதளத்தில் இரண்டு போட்டிகள் நடந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பொதுவான பந்தயத்தில் ரயன் பிளேனி வென்றார். சாம்பியன் பட்டமோ, முந்தைய பந்தயங்களில் வடிகட்டி எடுக்கப்பட்ட நால்வருக்குள் மட்டுமே நடந்த போட்டி. அவர்களுள் முன்னதாக வந்து முடித்தவர் லார்சன். ஹாம்லின் ஆறாவதாக வந்தார்.

ஹாம்லின் அன்று 208 சுற்றுகள் முன்னணியில் இருந்தார்; லார்சன் ஒரு சுற்றுகூட முன்னணியில் இல்லை. மூன்றே சுற்றுகள் மீதமிருந்தபோது மற்றோர் ஓட்டுநரான வில்லியம் பைரனின் டயர் பழுதாகி அவர் கார் சுவரில் மோத, எல்லாரையும் மெதுவாக ஓடச் சொல்லும் மஞ்சள் கொடி காட்டப்பட்டது. டயர் மாற்ற எல்லாரும் உள்ளே வந்தபோது ஹாம்லினின் குழு நான்கு டயர்களையும் மாற்றியது; லார்சனின் குழு இரண்டோடு நிறுத்திக்கொண்டது. இரண்டை மாற்ற நேரம் குறைவு என்பதால் லார்சன் ஹாம்லினுக்கு முன்னால் வெளியே வந்தார். நான்கு புது டயர்களின் பலன் தெரிவதற்குள் ஓட்டமே முடிந்துவிட்டது.

விதி எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்ததால் இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நல்ல தராசு அல்ல. ஆண்டு முழுவதும் வெட்டிய பாலை விட்டுவிட்டு, டிசம்பர் கடைசி நாளில் கொண்டுவந்த வாளியை மட்டும் நிறுத்துக் கூலி போட்டிருந்தால், மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் என்ன கூச்சல் எழுந்திருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததா?

கேள்வி: அப்படியானால் புள்ளிகளைக் கூட்டிப் பட்டம் கொடுத்தால் என்ன? (ஆசிரியை)

பதில்: 2003 வரை அப்படித்தான் கொடுத்தார்கள். அந்த ஆண்டு மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தில் வென்று, புள்ளிக் கணக்கால் பட்டம் பெற்றார். எட்டுப் பந்தயங்களில் வென்ற ரயன் நியூமனுக்குப் பட்டம் இல்லை. அடுத்த ஆண்டே, கடைசிப் பத்துப் பந்தயங்களைத் தனியாகக் கணக்கிடும் முறை வந்தது. கட்டங்கட்டமாக ஆட்களை வெளியேற்றி நால்வரில் கொண்டுவந்து நிறுத்தும் முறை 2014இல் வந்தது. 2026 முதல் அதையும் கைவிட்டு, பதினாறு பேர் கடைசிப் பத்துப் பந்தயங்களில் சேர்க்கும் புள்ளிகளையே பார்க்கிறார்கள். வெற்றிக்கு 40ஆக இருந்த புள்ளி 55ஆக உயர்ந்திருக்கிறது. ஹாம்லினுக்கு இது ஓராண்டு பிந்தி வந்த மருந்து.

கேள்வி: நாஸ்காரில் ஓடும் ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கும் கார்தானா? (ஐந்தாம் படிவ மாணவன்)

பதில்: பெயர் அங்கிருந்து வந்ததுதான், தம்பி. இன்றைய கார் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் கடையில் விற்கும் கேம்ரி, மஸ்டாங் போன்ற கார்களின் தோற்றத்தைப் போர்த்தியது. முகப்பு விளக்குகள் வெறும் ஒட்டுப்படம், திறக்கும் கதவு கிடையாது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைவார். ஆனால் 1949இல் ஷார்லட் நகரில் நடந்த முதல் பந்தயத்தில் உண்மையிலேயே கடைக் கார்கள்தான் ஓடின. முதலில் வந்த கிளென் டன்னவேயின் காரைச் சோதித்தபோது, பின்பக்க ஸ்பிரிங்குகள் விதிக்கு மாறாக இறுக்கப்பட்டிருந்தன. நம் தோட்டங்களில் சம்சு எனும் மலிவுச் சாராயம் ஓடியதுபோல் அங்கே ஓடிய கள்ளச்சாராயத்தின் பாரம் தாங்கச் செய்த வேலை அது. வெற்றி, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குப் போயிற்று.