கேளுங்க சொல்றேன்: கனடா காகிதமா, பின்லாந்து காகிதமா?

கேள்வி: அண்ணே, என் மக யூனிவர்சிட்டி அசைன்மென்டுக்கு கனடா, பின்லாந்து ரெண்டு நாட்டு நியூஸ்பிரிண்ட் (நாளிதழ் அடிக்கிற காகிதம்) ஏற்றுமதியும் 1990லேர்ந்து ஒரே கிராஃப்ல போட்டிருக்கா. பார்த்தா கனடா மலை உச்சியிலேர்ந்து உருண்ட மாதிரி இருக்கு, பின்லாந்து கோடு அடியில சும்மா கிடக்கு. ஆனா அவ, "இல்லப்பா, பின்லாந்துக்குத்தான் பெரிய அடி"ங்கறா. யார் சொல்றது சரி? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: மக சொல்றதுதான் சரி, ஆனா உங்கள குழப்புனதும் அவ போட்ட கிராஃப்தான். கனடா 2000 வாக்குல வருஷத்துக்கு 9 மில்லியன் டன்னுக்கு மேல நியூஸ்பிரிண்ட் பண்ண நாடு, அதுல பெரும்பகுதி அமெரிக்காவுக்கு லாரியிலயும் ரயில்லயும் போயிடும். அவ்ளோ பெரிய ஆள் பக்கத்துல யார நிக்க வச்சாலும் குட்டையாத்தான் தெரியும். 2020க்குள்ள கனடா உற்பத்தி மூணுல ஒரு பங்குக்கும் கீழ வந்துடுச்சு, இருந்தாலும் தொழில் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பின்லாந்துல நியூஸ்பிரிண்ட் பண்ண கடைசி மில், கைபோலாங்கிற ஊர்ல இருந்தது, அதையும் யுபிஎம் கம்பெனி 2020 கடைசியில மூடிடுச்சு. காடு நிறைஞ்ச நாடு, இப்ப பேப்பர் அடிக்க வெளிநாட்டு காகிதம் வாங்குது பாருங்க.

அதனால ரெண்டுக்கும் ஆரம்ப வருஷத்த 100ன்னு வச்சு, மத்த வருஷத்த அதுல எத்தன சதவீதம்னு போடச் சொல்லுங்க. இங்கதான் ஒரு பொறி இருக்கு. 1998ல கனடாவுல பெரிய ஸ்டிரைக், மில்லுங்க மாசக்கணக்குல நின்னுச்சு. 2005ல பின்லாந்துல முதலாளிங்களே பேப்பர் மில்லுங்கள வாரக்கணக்கா பூட்டி வச்சாங்க. அந்த வருஷத்த போய் 100ன்னு வச்சா, அடுத்த வருஷம் என்னமோ தொழில் பிச்சிக்கிட்டு போற மாதிரி தெரியும். மூணு வருஷ சராசரிய எடுத்தா இந்த தொல்லை கொறையும்.

டாலர் கணக்கு வேணாம், டன்ல போடட்டும். 1995ல நியூஸ்பிரிண்ட் விலை தாறுமாறா ஏறுச்சு, டாலர்ல பார்த்தா ஏற்றுமதியே ஏறுன மாதிரி இருக்கும், ஒரு ரோல் கூட அதிகமா போயிருக்காது.

டன்னும் சுத்தமான அளவு இல்ல, இத நான் பிரஸ்ல இருந்தப்ப தான் புரிஞ்சுக்கிட்டேன். ஒரு சதுர மீட்டர் வெட்டி தராசுல வச்சா பழைய வட அமெரிக்க காகிதம் 48.8 கிராம் காட்டும், பிறகு வந்தது 45 கிராம். கையில தடவுனா வித்தியாசமே தெரியாது, ஆனா ஒரு டன்னுல முன்னாடி 20,500 சதுர மீட்டர்னா இப்ப 22,200. அதாவது டன் 8 சதவீதம் கொறஞ்சாலும் அச்சாகுற பக்கம் கொறையாமலே இருக்கலாம். அசைன்மென்ட்ல இத ஒரு வரி போட்டா லெக்சரர் நிமிர்ந்து உக்காருவாரு.

1961லேர்ந்து டன்னும் டாலரும் ரெண்டுமே எஃப்ஏஓ (ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு) வெப்சைட்ல ஃப்ரீயா கிடைக்குது. 2020க்கு அப்புறமும் பின்லாந்துக்கு சின்னதா ஏதாச்சும் நம்பர் இருந்தா ஸ்டாக் வித்ததாவோ வாங்கி மறுபடி வித்ததாவோ இருக்கலாம், மில் தொறந்துட்டாங்கன்னு எழுதிடப் போறா.

கேள்வி: நம்ம மலேசியாவுல இவ்ளோ காடு இருக்கே, நாம ஏன் நியூஸ்பிரிண்ட் பண்ணல? (வாசகி, செந்தூல்)

பதில்: பண்ணோமே! பகாங், மெந்தகாப்புல 1990கள் கடைசியில ஒரு மில் வந்துச்சு. ஆனா அதுக்கு மரம் இல்ல, பழைய பேப்பர்தான் சரக்கு. "சூராட் கபார் லாமா" (பழைய பேப்பர்)ன்னு ஸ்பீக்கர் போட்டுக்கிட்டு வருமே லாரி, அந்த மாதிரி சேர்ற பேப்பர்தான். இப்ப அங்க நியூஸ்பிரிண்ட் இல்ல. லாரி மட்டும் எங்க தாமானுக்கு (குடியிருப்புக்கு) இன்னும் வருது, போன வாரம் எட்டிப் பார்த்தேன், முக்கால்வாசி ஆன்லைன் ஷாப்பிங் அட்டைப்பெட்டி.