அவுஸ்திரேலியாவில் ஓர் அரையாண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் அரச பல்கலைக்கழகம் ஒன்றின் முகாமைத்துவ பீடத்தில் இரண்டாம் வருடத்தில் படிக்கிறேன். அடுத்த வருடம் ஓர் அரையாண்டை மெல்பேர்ணில் படித்துவிட்டு வர ஆசை. யாழ்ப்பாண நகரிலுள்ள முகவர் ஒருவர், பணம் கட்டினால் தானே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்கிறார். போய் வந்தால் ஒரு வருடம் பிந்திவிடும் என்று சிரேஷ்ட மாணவர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– மாணவி, கொக்குவில்

பதில்: முகவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மாணவர் பரிமாற்றம் என்பது இரண்டு பல்கலைக்கழகங்கள் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையின் பேரில் மட்டுமே நடப்பது. அதன்படி மாணவர் தத்தம் தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே பதிவை வைத்திருப்பார்கள். ஏற்கும் பல்கலைக்கழகம் அவர்களிடம் கற்பித்தற் கட்டணம் அறவிடாது. நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிப் படிப்பு இலவசம் என்பதால், உடன்படிக்கை வழியாகப் போகும் நம் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று நான் சொல்லத் தேவையில்லை. முகவர் விற்பது வேறொன்று. உடன்படிக்கை எதுவும் இல்லாமல், வெளிநாட்டு மாணவருக்குரிய முழுக் கட்டணத்தையும் செலுத்தி ஓர் அரையாண்டு படிக்கும் வழி அது. அதற்குப் பெரும்பாலும் பத்தாயிரம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் போய்விடும். இரண்டுக்கும் வெளிநாட்டுப் படிப்பு என்று ஒரே பெயரைச் சொல்லிப் பேசும்போதுதான் பெற்றோர் ஏமாந்து போகிறார்கள்.

ஆகவே முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகளுக்குப் பொறுப்பானவரிடமும் துறைத் தலைவரிடமும் போய், எந்த அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துடனாவது நடைமுறையில் உள்ள உடன்படிக்கை இருக்கிறதா, அதில் உங்கள் பீடமும் அடங்குகிறதா, இளமாணி மாணவருக்கு இடமுண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். ஆய்வுக்காகவோ விரிவுரையாளர் பரிமாற்றத்துக்காகவோ மட்டும் கைச்சாத்தான உடன்படிக்கைகளும் உண்டு. அவற்றால் உங்களுக்குப் பயனில்லை.

வருடம் பிந்துமா என்ற பயம் நியாயமானதே. அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் அரையாண்டு பெப்ரவரி இறுதியில் அல்லது மார்ச் தொடக்கத்தில் ஆரம்பித்து யூனில் முடியும். இரண்டாவது யூலை பிற்பகுதியில் ஆரம்பித்து நவம்பரில் முடியும். நம் பல்கலைக்கழகங்களின் நாட்காட்டியோ கொரோனாக் காலத்திலும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் குலைந்து, பீடத்துக்குப் பீடம் வேறுபட்டு நிற்கிறது. உங்கள் பரீட்சை நடக்கும் வாரத்தில் அங்கே விரிவுரை தொடங்குவது சாதாரணமாக நேரக்கூடியது. எனவே இரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்து, எந்த அரையாண்டை விட்டுப் போனால் எந்தப் பாடங்கள் தவறும், அவை அடுத்து எப்போது கற்பிக்கப்படும் என்று எழுதிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரையும் தொழிற் பயிற்சியும் வருகிற இறுதி வருடத்தில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றிலும் முக்கியமானது கிரெடிட் விடயம், அதாவது அங்கே படித்த பாடங்களை இங்கே பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பது. அங்கே முழுநேர மாணவர் ஒருவர் ஓர் அரையாண்டில் பொதுவாக நான்கு பாடங்கள் எடுப்பார். ஆனால் ஒரு பாடத்துக்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 6 புள்ளி. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் 12.5. இந்த எண்கள் நம் கிரெடிட்டுடன் நேராகப் பொருந்தமாட்டா. எனவே நீங்கள் எடுக்கவிருக்கும் ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்தையும் இணையத்திலிருந்து இறக்கி, இங்குள்ள எந்தப் பாடத்துக்கு அது ஈடாகும் என்று துறைத் தலைவரிடம் கையொப்பம் வாங்கி, பீடச் சபையின் அனுமதியையும் எழுத்தில் பெற்ற பின்னரே வீசாவைப் பற்றி யோசிக்க வேண்டும். நான்கு பாடங்களுக்கு அனுமதி கேட்கும்போதே, ஏதாவதொன்றில் இடம் கிடைக்காமற் போனால் எடுப்பதற்கென்று மேலும் இரண்டுக்கும் கேட்டு வையுங்கள். அங்கே பெறும் பெறுபேறு உங்கள் ஜீ.பீ.ஏ. எனும் சராசரிப் புள்ளியில் சேர்க்கப்படுமா, அல்லது சித்தி என்று மட்டும் பதியப்படுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். முதல் வகுப்புப் பட்டத்தை எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்கு இது சின்ன விடயமல்ல.

கேள்வி: ‘புதிய கொழும்புத் திட்டம்’ என்ற புலமைப்பரிசிலுக்கு நாங்களும் விண்ணப்பிக்கலாமா?
– மாணவன், சுன்னாகம்

பதில்: முடியாது. 2014இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டம் அவுஸ்திரேலிய இளமாணி மாணவர்களை இலங்கை உட்பட்ட இந்தோ–பசுபிக் நாடுகளுக்கு அனுப்புவதற்கானது. பெயரில் கொழும்பு இருப்பதாலும், 1950களில் பழைய கொழும்புத் திட்டத்தின் கீழ் நம்மவர்கள் அங்கே போய்ப் படித்ததாலும் இந்த மயக்கம் வருகிறது. அவுஸ்திரேலிய அரசின் ‘ஒஸ்ரேலியா அவார்ட்ஸ்’ புலமைப்பரிசில்கள் பட்டம் பெற்ற பின் முதுமாணிக்குப் போவோர் கவனிக்க வேண்டியவை.

கேள்வி: என் மகள் தன் பல்கலைக்கழகத்தின் பரிமாற்றத் தெரிவில் இடம்பெற்று, ஓர் அரையாண்டு படிக்க யூலையில் சிட்னிக்குப் போக இருக்கிறாள். பகுதிநேர வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்கிறாள். என் தங்கை பென்டில் ஹில்லில் இருப்பதால் அங்கேயே தங்கட்டும் என்பது என் எண்ணம். மிளகாய்த்தூள், பனம்பழப் பினாட்டு, கருவாடு ஆகியவற்றைக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாய், கரவெட்டி

பதில்: அம்மா, வேலையை நம்பிச் செலவுக் கணக்குப் போட வேண்டாம். மாணவர் வீசாவின் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2025 யூலை 1 முதல் 2,000 அவுஸ்திரேலிய டொலர். அதற்கு மேல் கட்டாய மருத்துவக் காப்புறுதியும் விமானச் சீட்டும் உண்டு. வாழ்க்கைச் செலவுக்கென ஒரு வருடத்துக்கு 29,710 டொலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதத்தில் விதித்தார்கள். குறுகிய காலத்துக்குப் போவோருக்கு அது மாதக் கணக்கில் குறையும். ஐந்து மாதத்துக்கு ஏறத்தாழ 12,400 டொலர் என்று வையுங்கள். புறப்படும் முன் இந்தத் தொகைகள் மாறியிருக்கின்றனவா என்று அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களத்தின் தளத்தில் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் படிப்பு ஆரம்பிக்கும் முன் தொடங்கக்கூடாது. ஆரம்பித்த பின் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலமே எல்லை. ஐந்து மாதத்துக்குப் போகும் பிள்ளை வேலை தேடி முடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்; வேலை கைக்கு வரும் நேரத்தில் ஒப்படைகள் குவியும். கிடைத்தால் கைச்செலவுக்கு உதவும், அவ்வளவுதான். 2025 யூலையிலிருந்து தேசியக் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 24.95 டொலர், ஆண்டுதோறும் யூலையில் அதை மீளாய்வு செய்கிறார்கள். கையில் காசாகத் தருகிறோம், பதிவு வேண்டாம் என்று இதற்குக் குறைவாக யார் கொடுத்தாலும், கடை நம்மவருடையதாக இருந்தாலும், மகள் மறுத்துவிட வேண்டும். வெளிநாட்டு மாணவர் என்பதற்காகச் சட்டம் கூலியைக் குறைக்கவில்லை.

தங்கை வீட்டைப் பற்றிச் சொல்வதானால், பென்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட் பகுதிகளில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மேஸ் ஹில் முருகன் கோயிலும் கிட்ட. முதல் இரண்டு வாரம் சித்தி வீட்டில் நின்று ஊர் பழகட்டும். அதற்குப் பிறகு எங்கே இருப்பது என்பதைப் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். உதாரணமாக, கென்சிங்டனில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் என்றால், ரயிலில் சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து இலகு ரயிலுக்கு மாறி, ஒரு வழிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். குழுவாகச் செய்யும் வேலைகள் மாலையில்தான் நடக்கும். இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டிய பிள்ளை இவற்றில் கலந்துகொள்ளாமல் போவாள். பரிமாற்றத்தின் பயனில் பாதி அங்கேயே போய்விடும். வாடகை வீடுகளுக்குப் பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒப்பந்தம் கேட்பதால், பல்கலைக்கழக விடுதிக்கே முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். படத்தை மட்டும் பார்த்து இங்கிருந்தே முற்பணம் அனுப்பிவிட வேண்டாம்.

சாப்பாட்டுப் பொருட்களில் ஒளிவுமறைவு கூடாது. விமானத்தில் தரும் அட்டையில் உணவு கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்துவிட்டால், அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பார். கூடாததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதம். வீசாவுக்கும் பங்கம் வரலாம். தூளையும் பினாட்டையும் கருவாட்டையும் பொதி செய்து, பெயர் எழுதி, ஒரே பையில் மேலாக வையுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை, விதைகள் ஆகியவற்றை வைக்கவே வேண்டாம். மிளகாய்த்தூள் பென்டில் ஹில் கடைகளிலேயே வாங்கலாம் என்பதால், அந்த நிறைக்கு ஒரு நல்ல குளிருடுப்பை வைத்து அனுப்புங்கள். யூலை அங்கே நடுக்குளிர்காலம்.

கேள்வி: அங்கே வகுப்புகள் எப்படி இருக்கும்? நான் வகுப்பில் அதிகம் பேசாதவன்.
– மாணவன், சாவகச்சேரி

பதில்: பேசப் பழகிக்கொண்டு போங்கள். விரிவுரைக்கு அப்பால் ஒவ்வொரு பாடத்துக்கும் இருபது பேரளவில் கூடும் சிறு வகுப்பு உண்டு. வாசித்து வந்ததைப் பற்றி அங்கே பேச வேண்டும். பல பாடங்களில் அதற்கும் புள்ளி. ‘சேர்’, ‘மடம்’ என்று அழைத்துப் பழகிய நமக்கு, விரிவுரையாளரை முதற்பெயரால் அழைப்பது முதலில் கூச்சமாக இருக்கும். அவர்கள் அதை மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை. கேள்வி கேட்பதையும் அப்படித்தான்.

இறுதிப் பரீட்சையை மட்டும் நம்பியிருக்க முடியாது. மூன்றாம், நான்காம் வாரத்திலேயே முதல் ஒப்படை வந்துவிடும். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்தாள்வதை மென்பொருள் கொண்டு சோதிப்பார்கள். பிடிபட்டால் அது ஒழுக்காற்று விசாரணைக்குப் போகும், அதன் முடிவு உங்கள் தாய்ப் பல்கலைக்கழகத்துக்கும் வரக்கூடும். முதல் வாரத்திலேயே நூலகம் நடத்தும் மேற்கோள் வகுப்புக்குப் போய்விடுங்கள்.

எடுத்த பாடம் ஒத்துவரவில்லை என்றால், புதிய பாடத்தில் சேர ஏறத்தாழ முதல் இரண்டு வாரமே அவகாசம். ‘சென்சஸ்’ திகதி என்று அங்கே ஒரு நாள் உண்டு. அதற்குப் பின் விலகினால் அது பெறுபேற்று அறிக்கையில் பதிவாகக்கூடும். முழுநேரப் படிப்புக்கென்றே வீசா தரப்படுவதால், பாடத்தைக் குறைக்கும் முன் அங்குள்ள பரிமாற்ற அலுவலகத்திடம் கேளுங்கள். மாற்றினால் அன்றே ஊரிலுள்ள துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, புதிய பாடத்துக்குரிய அனுமதியையும் எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.