மாரிக்கு முன் அலுமாரி: உடுப்பு மடிப்புக் கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி: அக்கா, மடிக்கிற வேலை மாதிரி அலுப்பு வேறொண்டும் இல்லை. அதில சந்தோசம் இருக்கெண்டு சொல்றீங்களே, எப்படி?

முழு அலுமாரியையும் ஒரே நாளில இழுத்துக் கொட்டினா ஆருக்கும் அலுக்கும் தங்கச்சி. பாயை விரிச்சு ஒரு இனம் மட்டும் போடுங்க. இண்டைக்குச் சாரம், நாளைக்குச் சட்டை. உடுக்கிறது, குடுக்கிறது, தைக்கிறது, துடைக்கிற சீலை எண்டு நாலு குவியல் போதும். "பிறகு பாப்பம்" எண்டு அஞ்சாவது குவியல் தொடங்கினா வேலை முடியாது. மெலிஞ்சாப் போடலாம் எண்டு வச்சதெல்லாம் அங்கதான் போய்ச் சேரும்.

பிறகு லாச்சிக்கு வாங்க. ரீசேட்டின் முன்பக்கத்தைக் கீழே வச்சு, இரண்டு பக்கத்தையும் நடுவுக்கு மடிச்சு, கையைத் திருப்பி விடுங்க. கழுத்துக்கு 2 விரல் விட்டு அடியை மேலே கொண்டுவந்து, இன்னும் மூண்டாய் மடிச்சா அது தானாய் நிக்கும். விழுந்தா மடிப்பு தொளதொளப்பு. லாச்சிக்குள்ள புத்தகம் மாதிரி நிறுத்தி வச்சா, திறந்த உடன எல்லா நிறமும் கண்ணுக்குத் தெரியும். சந்தோசம் அங்கதான் இருக்கு. சும்மா சும்மா திறந்து பாக்கச் சொல்லும்.

மருதமுனை: கைத்தறிச் சாரங்களை அடுக்கினா ரெண்டு நாளில சரியுது. ஏன்?

மூட்டின தையலும் மடிப்பு விளிம்பும் மற்ற இடத்தைவிடத் தடிப்பு. எல்லாத்தையும் ஒரே பக்கம் வச்சா அந்தப் பக்கம் உயரும். ஒண்டு இடம், அடுத்தது வலம் எண்டு மாத்தி அடுக்குங்க. 8 சாரத்துக்கு மேல ஒரே அடுக்கில வேண்டாம்.

கல்லடி: கூறைச் சேலையின் சரிகை கறுத்துப் போகுது.

ஈரக் காத்தும் கந்தகமும் சேர்ந்தா வெள்ளிச் சரிகை கறுக்கும். றப்பர் பாண்டிலயும் கந்தகம் இருக்கு, அதால கட்டாதீங்க. பொலித்தீன் பைக்குள்ள ஈரம் அடைபடும். தோய்ச்சுக் காய்ஞ்ச பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியால சுத்துங்க. அகலத்தில ரெண்டு தரம், நீளத்தில நாலு தரம் பாதியாக்கினா 5.5 மீற்றர் சேலை 34 சென்ரிமீற்றருக்கு வரும். 3 மாசத்துக்கு ஒருக்கா விரிச்சு, நிழலில காத்தாட விட்டு, மடிப்புக் கோட்டை மாத்துங்க. அதே கோட்டில வருசக்கணக்கில கிடந்தா பட்டு அந்த இடத்தில கிழியும்.

காத்தான்குடி: மூத்த பிள்ளையின் உடுப்பைப் பூச்சி உருண்டையோட வச்சிருக்கிறன். இப்ப அடுத்த குழந்தைக்குப் போடலாமா?

அப்படியே போடாதீங்க ராத்தா. அந்த உருண்டையில இருக்கிற நப்தலீன் ஆவி, ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதியம்) குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைச்சுப் போடும், மஞ்சள்காமாலை வரும். சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சு வெயிலில காயவிட்டு, மணம் முழுக்கப் போனாத்தான் போடலாம். போகாட்டித் திரும்பத் தோய்க்கவும். குழந்தை உடுப்புக்கு உருண்டையே வேண்டாம், நல்லாக் காயவச்சு மூடியுள்ள பெட்டியில வச்சாப் போதும். கஞ்சி போட்ட உடுப்பைக் கன நாளைக்கு வைக்காதீங்க, வெள்ளிமீன் பூச்சி கஞ்சியைத் தேடித்தான் வரும்.

அக்கரைப்பற்று: அபாயாவை மடிக்கிறதா, தொங்க விடுறதா?

சாதாரணமானதைத் தொங்க விடுங்க. கல் வேலை உள்ளதைப் புறம் மாத்தி மடிங்க, தொங்க விட்டாப் பாரத்தில தோள் இழுபடும்.

ஏறாவூர்: மாரியில எப்படி மடிச்சாலும் பூஞ்சணம் பிடிக்குது.

மடிப்பில பிழையில்லை தம்பி, ஈரத்திலதான். வாடைக் காலத்தில துணி தொட்டா உலர்ந்த மாதிரி இருக்கும். கொலர், இடுப்புப் பட்டி, பொக்கற்றின் அடி, இந்த மூண்டையும் விரலால அழுத்திப் பாருங்க. குளிர்ந்தா அது ஈரம். அயன் பண்ணின சூட்டோட மடிச்சா நீராவி உள்ளுக்கே நிண்டுபோகும். கால் மணித்தியாலம் விரிச்சு வைங்க. அலுமாரியைச் சுவரிலயிருந்து 3 அங்குலம் தள்ளி, தட்டை நெருக்காம நாலில ஒரு பங்கு வெறுமையாய் விடுங்க. சிரட்டைக்கரி நாத்தத்தைத்தான் எடுக்கும், பிடிச்ச பூஞ்சணத்தை எடுக்காது.

பிடிச்சிட்டா உடுப்பை வெளியில கொண்டுபோய்த் தூரிகையால தட்டி, 4 லீற்றர் தண்ணிக்கு ஒரு கப் வெள்ளை வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவச்சுத் தோய்ங்க. அதோட ப்ளீச் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். தட்டு வெறுமையாய் இருக்கேக்க உள்பலகையையும் துடைச்சு, கதவைத் திறந்து ஒரு நாள் காயவிடுங்க. பெரிய துப்புரவை, வறண்ட கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில வச்சுக்கொள்ளுங்க. அந்தக் காத்தில பெட்சீற்றும் ஒரு மணித்தியாலத்தில மொறுமொறுவெண்டு காயும்.