அல்பசேட்டே மடக்குக் கத்தி கறுத்துப் போனால்

கேள்வி: ஸ்பெயினில் வலென்சியாவில் வேலை பார்க்கிறேன். அல்பசேட்டே நகரில் அப்பாவும் மகனும் நடத்தும் பட்டறையில், மாட்டுக் கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி வாங்கினேன். இரண்டே மாதத்தில் அலகு நீலமும் கறுப்புமாகிவிட்டது. திறக்கும்போது வரும் கடகட சத்தமும் மங்கிவிட்டது. ஏமாந்துவிட்டேனா? மெஷினில் சாணை பிடிக்கலாமா?

பதில்: ஏமாறவில்லை. துருப்பிடிக்காத எஃகு இப்படி நிறம் மாறாது. உங்களிடம் இருப்பது கார்பன் எஃகு. தக்காளி, எலுமிச்சை பட்டால் அதன்மேல் மெல்லிய படலம் பிடிக்கும். அந்தப் படலம் கத்திக்குக் காப்பு, தேய்த்து எடுக்காதீர்கள். விரலில் ஒட்டும் செம்பழுப்புத் தூள்தான் துரு. நறுக்கி முடித்ததும் கழுவி உடனே துடைத்து வைத்தால் அது வராது.

சத்தம் மங்கியதற்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். அலகின் அடியில் சில பற்கள் வெட்டியிருக்கும். திறக்கும்போது முதுகுப்பக்க ஸ்பிரிங் அவற்றில் ஒவ்வொன்றாக ஏறி விழும். ‘கராக்கா’ என்பார்கள் இந்த அமைப்பை. பல்லிடுக்கில் ரொட்டித் துகளும் சட்டைப்பை நூலும் அடைந்தால் சத்தம் அமுங்கிவிடும். தீக்குச்சி நுனியில் துணி சுற்றித் துடைத்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை ஊசி முனையால் தொட்டு, அலகு திரும்பும் ஆணியில் ஒரு சொட்டு விடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

மெஷின் சாணை மட்டும் கூடவே கூடாது. பட்டறையில் அலகைப் பழுக்கக் காய்ச்சி, குளிர்வித்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதம் ஏற்றியிருப்பார்கள். வேகமாகச் சுற்றும் கல்லில் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்தப் பதம் போய்விடும். அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 கிரிட் (கல்லின் நயத்தைக் காட்டும் எண்) தண்ணீர்க் கல்லில், அதாவது நீர் நனைத்துத் தீட்டும் கல்லில், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில் கையால் தீட்டுங்கள். பொறுமை இல்லையென்றால் வாங்கிய பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த எஃகு, என்ன பதம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கொம்பும் நம் நகமும் ஒரே பொருள், கெரட்டின். ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பாத்திரம் கழுவும் மெஷினில் ஒருமுறை போட்டாலே பிடி கெட்டுவிடும்.

அலகை ஒருமுறை அளந்தும் பாருங்கள். ஸ்பெயின் சட்டப்படி 11 செ.மீ.க்கு மேல் இருந்தால் அது வீட்டில் அலங்காரமாக வைத்துக்கொள்ளத்தான், வெளியே எடுத்துப் போக முடியாது. ஊருக்குக் கொண்டுவருவதாக இருந்தால், நீளம் எவ்வளவானாலும் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.