லீவுக்கு இலங்கை: எந்த மாதம் என்று கேட்காதீர்கள், எந்தப் பக்கம் என்று கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் கேட்டது ஒன்றைத்தான். பிள்ளைகளோடு இலங்கை போகிறோம், எந்த மாதம் நல்லது? சரி, மாதத்தை நீங்களா முடிவு செய்கிறீர்கள்? பள்ளிக்கூடம் லீவு விட்டால்தானே கிளம்ப முடியும். அதனால் ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கிற லீவை வைத்தே பதில் சொல்கிறேன்.

திருப்பூர் வாசகி: பத்து வயதில் ஒருவன், ஆறு வயதில் ஒருத்தி. இரண்டு பேருக்கும் மே முழுக்க லீவு. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் டிசம்பரைவிட மலிவாகத் தெரிகிறது. ஆனால் கணவரின் நண்பர், "மே மாதம் அங்கே மழை, போய் ரூமுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பீர்கள்" என்கிறார். போகலாமா, வேண்டாமா?

போகலாம். நண்பர் சொன்னதும் பொய் இல்லை, பாதி உண்மை.

திருப்பூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். ஜூனில் வால்பாறையில் மழை ஊற்றிக்கொண்டிருக்கும், உங்கள் ஊரிலோ வெறும் காற்றுதான், மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை அடுத்த தெருவில் போய் எடுக்க வேண்டியிருக்கும். நடுவில் நிற்கிற மலை மழையை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. இலங்கையிலும் இதே கதைதான். தென்மேற்குப் பருவமழை மே பிற்பகுதியில் தொடங்கி செப்டம்பர் வரை கொழும்பு, பெந்தோட்டை, காலி, இரத்தினபுரி, ஹட்டன் என்று மேற்கையும் மலையின் மேற்குச் சரிவையும் நனைக்கும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் இருக்காது, சூடாக வீசும். மட்டக்களப்புப் பக்கம் அதைக் கச்சான் காற்று என்பார்கள். (அங்கே கச்சான் என்றால் வேர்க்கடலையும்தான். கடையில் கேட்டுக் குழம்ப வேண்டாம்.) திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடாவில் அப்போது கடல் குளம் மாதிரி கிடக்கும்.

இது எனக்குத் தெரியாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு வருடம் மே கடைசி வாரத்தில் பெந்தோட்டையில் மூன்று நாளுக்கு ரூம் போட்டேன், பாதி விலை என்ற ஒரே சந்தோஷத்தில். கடற்கரையில் சிவப்புக் கொடி. முதல் நாள் காலை நட்டது, நாங்கள் கிளம்பும்வரை இறக்கவே இல்லை. அலை டீத்தண்ணீர் நிறத்தில் வந்து மோதிக்கொண்டிருந்தது, நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு என் பிள்ளைகள் வராந்தாவில் கேரம் ஆடினார்கள். அதே நாளில் திருகோணமலையில் இருந்த நண்பர் வெயில் தாங்கவில்லை என்று போனில் புலம்பினார். நாங்கள் மாதத்தைச் சரிபார்த்தோமே தவிர, பக்கத்தைப் பார்க்கவில்லை.

உங்களுக்கு என் யோசனை: மே முதல் பத்து நாளுக்குள் போய்விடுங்கள். அப்போது மழை வந்தாலும் பெரும்பாலும் மதியத்துக்குமேல் இடியோடு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், காலை முழுக்க வெளுத்திருக்கும். தேதியைத் தள்ளித் தள்ளி மாதக் கடைசிக்குக் கொண்டுபோனீர்களானால் மேற்கையும் மலையையும் மறந்துவிட வேண்டியதுதான். 2016, 2017 இரண்டு வருடமும் மே இரண்டாம் பாதியில்தான் அந்தப் பக்கம் பெரிய வெள்ளமும் மண்சரிவும் வந்தன. விமான நிலையம் கட்டுநாயக்கவில், கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. நகரத்துக்குள் போகாமலே தம்புள்ளைக்கு வண்டியைத் திருப்பிவிடலாம். மறுநாள் காலை கதவு திறக்கிற நேரத்துக்கே சீகிரியா பாறைக் கோட்டைக்குப் போய்விடுங்கள். 1,200 படி, ஒன்பது மணிக்குமேல் பாறை சுடும், ஆறு வயதுக் குழந்தையைப் பாதியில் நீங்கள்தான் தூக்க வேண்டிவரும். அப்புறம் நிலாவெளியில் மூன்று இரவு. புறாத்தீவுக்குப் படகு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் (ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒரு சூடு, பிள்ளைகள் நகரமாட்டார்கள்), கோணேசர் கோவில். திரும்பும் வழியில் கண்டி.

யாழ்ப்பாணமும் மே மாதத்தில் மழை இல்லாத ஊர்தான். ஆனால் இராமநாதபுரத்து வெயில். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்காக வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம், நான் பொறுத்துக்கொள்வேன்.

லண்டன் வாசகர்: அண்ணை, எங்களுக்கு ஜூலை கடைசி தொடங்கி ஆகஸ்ட் முடியத்தான் பள்ளி லீவு. அம்மாவுக்கு நல்லூர்த் தேர் பார்க்கவேணும், பிள்ளைகளுக்கு யானையும் கடலும் வேணும். எல்லாம் ஒரே பயணத்தில் சரிவருமா?

யானையும் கடலும் சரிவரும். தேர்தான் சந்தேகம்.

நல்லூரில் கொடியேறியதிலிருந்து 25 நாள் திருவிழா. 24ஆம் நாள் தேர், மறுநாள் ஆவணி அமாவாசையில் தீர்த்தம். அமாவாசை நகர நகரத் தேரும் நகரும். 2023இல் தேர் செப்டம்பர் 13, 2024இல் செப்டம்பர் 1, 2025இல் ஆகஸ்ட் 21. ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பாருங்கள். தேர் செப்டம்பருக்குத் தள்ளிப்போன வருடத்தில் பிள்ளைகள் லண்டனில் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படியானால் அம்மாவுக்குக் கொடியேற்றமோ பத்தாம் நாள் மஞ்சத் திருவிழாவோ காட்டலாம். அல்லது அம்மாவை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் திரும்பலாம், அவர் அதைத்தான் விரும்புவார் என்று நினைக்கிறேன். தங்குவதற்கு மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள், தேர் நெருங்கும்போது அறை கிடைப்பது கஷ்டம்.

யானைக்கு ஆகஸ்ட் அருமையான மாதம். மின்னேரியாக் குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் புல் முளைக்கும், அதைத் தேடிக் காட்டிலிருந்து யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். நான் போன மாலையில் எண்ண ஆரம்பித்து எழுபதில் விட்டுவிட்டேன். ஒரு குட்டி தாயின் காலுக்கடியில் புகுந்து புகுந்து புல்லைப் பிடுங்கிப் பார்த்தது, தின்னத் தெரியவில்லை, தலையில் போட்டுக்கொண்டது. ஆனால் குளத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால் யானைகள் பக்கத்தில் இருக்கிற கவுடுல்லவுக்கு மாறிவிடும், அதனால் எந்தக் காடு என்று அன்று மதியம் ஜீப்காரரிடமே கேளுங்கள். கடலுக்கு அங்கிருந்து திருகோணமலை பக்கம்தான். கண்டிப் பெரஹராவும் (தலதா மாளிகையின் யானை ஊர்வலத் திருவிழா) ஜூலை, ஆகஸ்டில்தான் வரும். கண்டியில் அப்போது அறை வாடகையைக் கேட்டால் லண்டன்காரர்களுக்கே மூச்சு முட்டும்.

மதுரை வாசகர்: அரையாண்டுத் தேர்வு லீவில், டிசம்பர் 25க்கு, திருகோணமலைக் கடற்கரையில் நான்கு நாள் புக் செய்துவிட்டேன். நல்ல தள்ளுபடி கொடுத்தார்கள். குடும்பத்தோடு வேறு எங்கே போகலாம்?

தள்ளுபடி ஏன் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். நமக்கு மழை தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கே கிழக்குக் கரையில் நேராக மோதும். திருகோணமலை, மட்டக்களப்பில் வருடத்திலேயே அதிக மழை நவம்பர் முதல் ஜனவரி வரைதான், கடலும் கொந்தளிக்கும். ரத்து செய்ய முடியுமென்றால் இன்றே ரத்து செய்துவிட்டுத் தென்மேற்குக்குப் போங்கள். நான் கேரம் பார்த்த அதே பெந்தோட்டை டிசம்பர் கடைசியில் கண்ணாடி மாதிரி இருக்கும். கொழும்பிலிருந்து காலிக்குக் கடலை ஒட்டியே ஓடுகிற ரயில், காலிக் கோட்டை, மிரிஸ்ஸவில் திமிங்கிலம். (படகில் ஏறுமுன் வாந்தி மாத்திரை. வீராப்பு வேண்டாம்.) ஆனால் ஐரோப்பியர்களும் அந்த வாரத்தில்தான் வருவார்கள், மே மாதத்து விலையை எதிர்பார்க்காதீர்கள்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. கண்டியிலிருந்து எல்ல என்கிற மலையூர் வரை ரயிலில் போகிற ஆசை இருந்தால், எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகலாம் என்றும் சிலர் சொல்வார்கள். மழைக்காலத்தில் அதை நிறுத்தி வைப்பது வழக்கம், டிசம்பருக்கு அதை நம்ப வேண்டாம்.

தஞ்சாவூர் ஆசிரியை: காலாண்டு லீவு ஒரு வாரம்தான். செப்டம்பர் கடைசியில் போய்ப் பயன் உண்டா?

உண்டு. கூட்டம் குறைவு, மின்னேரியாவில் யானை இன்னும் இருக்கும், கிழக்குக் கடலும் பெரும்பாலும் கைவிடாது. யால காட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள், வறட்சிக்காக அதன் முக்கியப் பகுதியைச் செப்டம்பரில் மூடிவிடுவது வழக்கம். பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். போயா தினம் அங்கே பொது விடுமுறை, இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். ஏப்ரலில் போகலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். 13, 14 தேதிகளை ஒட்டி வேண்டாம். அது அவர்களுக்கும் புத்தாண்டு, ஓட்டுநர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஊருக்குப் போகாதவர்கள் எல்லோரும் நுவரெலியாவில் இருப்பார்கள்.

சேலம் வாசகர்: குடையா, ரெயின்கோட்டா?

குடை வெயிலுக்கும் ஆகும், ஆனால் சீகிரியாப் படியில் அடிக்கிற காற்றில் என் குடை பின்பக்கம் மடிந்து, முன்னால் ஏறிக்கொண்டிருந்தவரின் தொப்பியைத் தட்டிவிட்டது. பிள்ளைகளுக்கு ரெயின்கோட், பெரியவர்களுக்கு ஆளுக்கொரு குடை. அப்புறம் கொசு விரட்டும் களிம்பு இரண்டு டியூப், ஏனென்றால் எந்தப் பக்கம் மழை பெய்தாலும் டெங்கு அந்தப் பக்கம் வந்துவிடும்.